திரும்பும் காற்றுக்கு ஒரு பெட்டி

பல் டாக்டர் காலி செய்த வீடு இது.
நாற்காலியைப் பெயர்த்துக்கொண்டு போனவர்
ஏசியைப் பெயர்க்க முடியாமல் விட்டுப் போனார்.
மழை பெய்தால் இன்னும்
கிராம்புத் தைலம் மணக்கிறது.

கூரையோரம் இரண்டு குழாய்.
ஒன்று குளிரைக் கொண்டுவரும்.
அதற்குப் பூவேலை செய்த பெட்டி, ஓரத்தில் விளக்குச் சரம்.
மற்றது
நாங்கள் மூச்சுவிட்டு முடித்ததைத்
திரும்ப வாங்கிப் போகும்.
அதற்கு ஒன்றுமில்லை.
தகரம், நாடா, கிழிந்து தொங்கும் வெள்ளிக் காகிதம்.
நெல்லித்தோப்புக்கு யார் வந்தாலும்
அண்ணாந்து அதைப் பார்த்துவிட்டுத்தான்
காபியை வாங்குகிறார்கள்.

மூடிவிடலாம் என்றேன்.
அமலோர் தலையாட்டினான்.
தவக்காலத்திலிருந்தே
எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறான்.

பிளைவுட் கேட்டேன். கடைக்காரர் கனி
விலையைச் சொல்லிவிட்டு
அவரே கொஞ்சம் வருத்தப்பட்டார்.
ஜிப்சம் பலகை மலிவு,
ஆனால் ஐப்பசியில் இந்த ஊரில்
தீப்பெட்டியே நமுத்துப்போகும்.
தகரத்தை உப்புக்காற்று சல்லடையாக்கும்.
தெர்மாகோல் எலிக்குப் பஞ்சுமெத்தை.
சிமென்ட் பலகையை அறுத்தால் தூசி,
அந்தத் தூசியை இந்தக் குழாயே உறிஞ்சி
எங்களுக்கே பரிமாறும்.
பிவிசி பரவாயில்லை,
நிறம்தான் எல்லாம்
பேருந்து நிலையக் கழிப்பறை.

கடைசியில் தேங்காய்த்திட்டில் கிடைத்தது,
மீன் வண்டி ஒன்றின் உடைந்த பக்கச் சுவர்.
இரண்டு வெள்ளைத் தகட்டுக்கு நடுவே
நாலு விரல் கனம் மஞ்சள் நுரை.
குளிரைக் காப்பாற்றியே பழகிய பொருள்.
ஆட்டோவில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு வந்தேன்.
புளி போட்டுத் தேய்த்தேன். மொட்டை மாடியில்
மூன்று வெயில் காயவைத்தேன்.
நாலாம் நாளும் பூனை ஒன்று
அதன்மேல் படுத்திருந்தது.

தச்சர் தேசிங்கு ஞாயிறு வருவதாகச் சொல்லியிருந்தார்.
சனி மதியம், மின்சாரம் இல்லாத நேரம்,
ஸ்டூல் போட்டு ஏறி
டேப்பை நீட்டிப் பிடித்திருந்தேன்.
வெள்ளிக் காகிதம் கிழிந்த இடத்திலிருந்து
என் பெயர் வந்தது.

"ராக்கினி, ஒண்ணு சொல்லணும்."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

"ராக்கினி, கோச்சுக்காத, ஒண்ணு..."

"இங்க பாரு ராக்கினி. பயப்படுறதுக்கு ஒண்ணும் இல்ல."

படுக்கையறைச் சல்லடைக்குக் கீழே நின்று
ஒத்திகை பார்க்கிறான்.
மூன்று விதமாய் ஆரம்பித்தான்.
விஷயம் வரவில்லை.
டேப் கையை விட்டுச் 'சரக்'கென்று சுருண்டது.
குழாய் அப்படியே வாயை மூடிக்கொண்டது.

வெளியே வந்து, "அளவு எடுத்தாச்சா?" என்றான்.
"ஏழடி. மூலையில இன்னும் கொஞ்சம் இருக்கு."
தலையாட்டினான்.

இரண்டு மாதமாய் நான்தான் அவன் டிபனைக் கழுவுகிறேன்.
மூடியின் விளிம்பில் மணல்.
அவன் வேலை செய்யும் கம்பெனி
சேதராப்பட்டில்.
அங்கே ஏது கடல்?

தேசிங்கு வந்தார், அறுத்தார், திருகினார்.
நுரைத் துணுக்குகள் மஞ்சளாய்
வீடெல்லாம் உருண்டன.
"மொத்தமா அடைச்சிடவாம்மா?"
"ஒரு பக்கம் கீல் வச்சுத் தாங்க.
வடிகட்டியக் கழுவணும் இல்ல."
கழுவத்தான். வேறு எதற்கு.

இரவு அவன் படுக்கப் போன பிறகு
ஏசியை அணைத்தேன்.
ஸ்டூலில் ஏறிக் கீல் கதவைத் திறந்தேன்.
காற்று இதில் ஒரு பக்கம்தான் போகும்.
சத்தத்துக்கு அந்தச் சட்டம் கிடையாது.
தகரத்தோடு வாயை வைத்துச் சொன்னேன்,
"டிபன்ல மணல் இருந்துச்சு.
ஒத்திகை போதும், சொல்லு."

மீன் வாசனை இன்னும் கொஞ்சம் இருந்தது.
உள்ளே, தூரத்தில், கட்டில் கிறீச்சிட்டது.
யாரோ எழுந்து உட்கார்ந்த மாதிரி.
ஸ்டூலின் நாலாவது கால் கட்டை.
ஆடாமல் நின்றேன்.